ஆபரேஷனுக்குப் பிறகும் அடங்காத பசி: குற்றம் நாக்கிலா, கவனிப்பிலா?

மாலை நேரம். ஓசூர் சிப்காட்டில் முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் பாகலூர் வழியாக பேரிகைக்கு வந்து நிற்கிறது. இறங்கியவர்களில் பாதிப் பேர் நேராக டீக்கடைக்குப் போகிறார்கள். எண்ணெய்ச் சட்டியில் போண்டா வெந்துகொண்டிருக்கிறது. நாற்பது வயதுக்காரர் ஒருவர் இரண்டு போண்டா வாங்கி, முதலாவதைப் பிட்டு வாயில் போடுகிறார். பக்கத்தில் நிற்பவர் சும்மா இருப்பாரா?

“ஏண்ணா, லட்சக்கணக்குல செலவு பண்ணி வயித்தையே வெட்டிட்டு வந்தே. இப்போ போண்டாவா?”

சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அவரும் சிரித்துவிட்டு இரண்டாவது போண்டாவைக் காகிதத்தில் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். வீட்டுக்குப் போகும் வழியில் யாரும் பார்க்காத இடத்தில் அதைச் சாப்பிடுவார். மறுநாள் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏற மாட்டார். அடுத்த மாதம் டாக்டரைப் பார்க்கவும் போக மாட்டார்.

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். எடை குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் இருக்கும் எந்த ஊரிலும் இது நடக்கலாம். இதில் கவலைப்பட வேண்டியது அந்த இரண்டு போண்டாவைப் பற்றி அல்ல. அவர் அதை மறைத்துச் சாப்பிடுவதும், அந்த வெட்கத்தாலேயே மருத்துவரிடம் போகாமல் நின்றுவிடுவதும்தான் ஆபத்து. ஆபரேஷனுக்குப் பிறகு வரும் பசியையும் தின்னும் ஆசையையும் “நாக்கு அடங்கல” என்று ஒரே வார்த்தையில் தீர்த்துவிடும் பழக்கம், நல்ல சிகிச்சை ஒன்றைப் பாதியிலேயே கெடுக்கிறது.

ஆபரேஷனில் என்ன நடக்கிறது?

பேரியாட்ரிக் அறுவைச் சிகிச்சை என்றால் தொப்பையில் இருக்கும் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு. இந்தியாவில் பரவலாகச் செய்யப்படும் முறைகளில் முக்கியமானவை இரண்டு.

முதலாவது ஸ்லீவ். இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழம் போலக் குறுகிய குழாயாக்குவார்கள். இரண்டாவது பைபாஸ். இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி மட்டுமே கொள்ளும் சிறு பை ஒன்றைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைத்துவிடுவார்கள். சாப்பாடு இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் தொடாமலே கீழே போய்விடும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற மருத்துவர் 1966இல் பைபாஸ் முறையைத் தொடங்கினார். ஆக, இது நேற்று வந்த வைத்தியம் அல்ல. அரை நூற்றாண்டுக்கும் மேலான அனுபவம் இதன் பின்னால் இருக்கிறது.

இந்தியாவில் இது பொதுப் பேச்சுக்கு வந்தது, நிதின் கட்கரி 2011இல் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டபோது. தமிழ்நாட்டில் இது பெரிதாகப் பேசப்பட்டது 2024 ஏப்ரலில். புதுச்சேரியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சென்னையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் இந்தச் சிகிச்சைக்குப் போய் உயிரிழந்தார். அரசு விசாரணை நடத்தியது. ஆபரேஷன் தியேட்டருக்குள் என்ன வசதி இருக்க வேண்டும், யார் செய்ய வேண்டும் என்ற கேள்விகள் அப்போது எழுந்தன. எழ வேண்டிய கேள்விகள்தான். ஆனால் தியேட்டரை விட்டு நல்லபடியாக வெளியே வந்தவர்களின் அடுத்த பத்து வருடத்தைப் பற்றி அன்றும் யாரும் பேசவில்லை, இன்றும் பேசுவதில்லை.

அப்புறம் ஏன் பசிக்கிறது?

பசி என்பது காலி வயிறு போடும் சத்தம் மட்டும் இல்லை. அது மூளைக்குப் போகும் ரசாயனச் செய்தி. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கோஜிமாவும் காங்காவாவும் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் இது சுரக்கிறது. சாப்பாட்டு நேரம் நெருங்க நெருங்க ரத்தத்தில் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும்.

பட்டினி கிடந்து எடையைக் குறைப்பவர்களுக்குக் கிரெலின் ஏறிவிடுகிறது. உடம்பு “பஞ்சம் வந்துவிட்டது, தேடித் தின்னு” என்கிறது. டயட் இருந்து இளைத்தவர்கள் மறுபடி பழைய எடைக்கே வருவதற்கு இது ஒரு காரணம். ஸ்லீவ் ஆபரேஷனில் கிரெலின் சுரக்கும் பகுதியின் பெரும்பங்கு வெட்டி எடுக்கப்படுகிறது. அதனால்தான் முதல் ஆறு மாதம், ஒரு வருடம் “பசியே இல்லப்பா, சாப்பிடணும்னே தோணல” என்கிறார்கள். எடை மளமளவென்று இறங்குகிறது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அந்த நேரத்தில் இது நிரந்தரம் என்று தோன்றும்.

நிரந்தரம் இல்லை. உடம்பு மெல்ல மெல்லத் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது. பசி திரும்புகிறது. வயிறும் சற்று நெகிழ்ந்து முன்னைவிடக் கூடுதலாக இடம் கொடுக்கிறது. இளைத்த உடம்புக்கு அன்றாடம் செலவாகும் கலோரியும் குறைந்துவிடுகிறது. ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தது. பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு வருடத்தில் சராசரியாக 32 சதவீத எடையைக் குறைத்தார்கள். பத்தாம் வருடத்தில் அது 25 சதவீதமாக நின்றது. அதாவது 120 கிலோ இருந்த ஒருவர் 82 கிலோ வரை இறங்கி, பிறகு 90க்குத் திரும்புவது போல.

இந்தக் கணக்கை இரண்டு விதமாகப் படிக்க வேண்டும். கொஞ்சம் எடை திரும்பி ஏறுவது சராசரி மனிதருக்கு நடப்பதுதான். அது தோல்வி அல்ல. அதேபோல் பத்து வருடம் கழித்தும் 30 கிலோ குறைவாக இருப்பது சாதாரண விஷயமும் அல்ல. அதே ஸ்வீடன் ஆய்வில், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே மரணங்களும் குறைவாக இருந்தன. ஏறிய சில கிலோவைக் காட்டி “ஆபரேஷன் வேஸ்ட்” என்பவர்கள் இந்த இரண்டாவது பாதியைப் பார்ப்பதில்லை.

வயிற்றுப் பசியா, தலைப் பசியா?

ஆபரேஷன் வயிற்றைத்தான் சுருக்குகிறது. சாப்பாட்டோடு இருந்த உறவை அது தொடுவதில்லை. மேஸ்திரி திட்டியதும் ஒரு டீயும் பஜ்ஜியும், சம்பளம் வந்ததும் பிரியாணி, வீட்டில் சண்டை என்றால் ஒரு பாக்கெட் மிக்சர் என்று இருபது வருடமாகப் பழகியது ஒரு நாள் மயக்க மருந்தில் மறைந்துவிடாது.

இரண்டாம் உலகப் போர் காலத்தில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஒரு சோதனை செய்தார். ஆரோக்கியமான 36 ஆண்களை ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் வைத்தார். அவர்கள் எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்தார்கள், சமையல் புத்தகங்களைப் படித்தார்கள். சோதனை முடிந்து வேண்டிய அளவு சாப்பாடு கிடைத்த பிறகும் சிலருக்கு எவ்வளவு தின்றாலும் நிறைவு வரவில்லை. இவர்கள் சாப்பாட்டுப் பிரியர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். சாதாரண மனிதர்கள். எடையை வேகமாக இழக்கும் உடம்பும் மனமும் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இது பழைய, தெளிவான சாட்சி.

ஆபரேஷனுக்குப் பிறகு வரும் தின்னும் ஆசையை நான்காகப் பிரித்துப் பார்த்தால் எதற்கு என்ன செய்வது என்று விளங்கும்.

ஒன்று, உண்மையான வயிற்றுப் பசி. மெல்ல வரும், எதைச் சாப்பிட்டாலும் அடங்கும். புரதம் போதாமல் போனாலும், வேளை தவறினாலும் இது கூடும்.

இரண்டு, தலைப் பசி. சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. “ஏதாவது காரமா இருந்தா நல்லா இருக்கும்” என்று தோன்றும். குறிப்பிட்ட ஒரு பண்டத்தைத்தான் கேட்கும். சோறோ இட்லியோ கொடுத்தால் வேண்டாம் என்னும்.

மூன்று, கொறிப்பு. ஒரே வேளையில் நிறையச் சாப்பிட முடியாது என்பதால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் போட்டுக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு முறையும் அளவு குறைவுதான். ராத்திரி கணக்குப் போட்டால்தான் தெரியும். எடை திரும்பி ஏறுவதற்குப் பெரிய விருந்துகளைவிட இந்தச் சின்னக் கைப்பிடிகளே அடிக்கடி காரணமாகின்றன.

நான்கு, கட்டுப்பாடு இழந்து தின்பது. நிறுத்த வேண்டும் என்று தெரிந்தும் நிறுத்த முடியாமல், பெரும்பாலும் தனியாக, தின்ற பிறகு அழுகையோ குற்றவுணர்வோ வரும்படி நடப்பது. இது மனநலப் பிரச்சினை. இதற்குச் சிகிச்சை இருக்கிறது. “வாயைக் கட்டு” என்ற புத்திமதியால் தீராது. அதனால் இன்னும் மோசமாகும்.

பேரிகையின் தட்டில் என்ன இருக்கிறது?

பெரிய நகர மருத்துவமனையில் கொடுக்கும் டயட் தாளில் ஓட்ஸ், பிராக்கோலி, கிரேக்கத் தயிர் என்று எழுதியிருக்கும். பேரிகை வீட்டில் இருப்பதோ ராகிக் களியும் கொள்ளுச் சாறும். தாளுக்கும் தட்டுக்கும் சம்பந்தமில்லை என்றால் அந்தத் தாள் ஒரு வாரத்தில் அலமாரிக்குள் போய்விடும்.

களியையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் இந்த எல்லைப் பகுதியில் களியை மென்று தின்பவரைப் பார்த்தால் சிரிப்பார்கள். உருட்டி, சாற்றில் தோய்த்து, அப்படியே விழுங்குவதுதான் முறை. ஸ்லீவ் செய்த வயிற்றுக்கு இது நேர் எதிரி. மெல்லாத களி உருண்டை குறுகிய வாயில் அடைத்துக்கொள்ளும். நெஞ்சு அழுத்தும், எச்சில் ஊறும், வாந்தி வரும். பயந்துபோய்க் களியையே விட்டுவிட்டு, சுலபமாக இறங்கும் பிஸ்கட், பன், ஐஸ்க்ரீம், சேமியா பாயசம் என்று மாறுகிறார்கள். எடை ஏறுவது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கெட்டியான சாப்பாடு வயிற்றில் தங்கி நிறைவைத் தரும். மென்மையான இனிப்பும் மொறுமொறுப்பான மாவுப் பண்டமும் வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். வயிறு நிறையவே நிறையாது. மாம்பழச் சீசனில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இது இன்னும் பெரிய சோதனை. பழத்தை அரிந்து நாலு துண்டு தின்பது ஒன்று. சர்க்கரை போட்ட மாம்பழ ஜூஸை இரண்டு டம்ளர் குடிப்பது வேறு. ஜூஸ் சுருங்கிய வயிற்றைத் தடையே இல்லாமல் தாண்டிவிடும்.

பைபாஸ் செய்தவர்களுக்கு இன்னொரு தண்டனையும் இருக்கிறது. அதன் பெயர் டம்பிங். சர்க்கரை திடீரென்று சிறுகுடலில் கொட்டுவதால், சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, பேதி வரலாம். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சரிந்து கை நடுங்கும், தலை சுற்றும். அப்போது மறுபடி இனிப்பைத் தேடுவார்கள். இனிப்பு, சரிவு, மறுபடி இனிப்பு என்று ஒரு சுழல். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஆசை போலத் தெரியும். உள்ளே நடப்பது சர்க்கரைச் சரிவு.

ஷிப்ட் வேலையையும் மறக்கக் கூடாது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை வைத்துச் செய்து 2004இல் வெளியான ஆய்வில், இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கியபோது கிரெலின் 28 சதவீதம் கூடியது. நிறைவைச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. வாரம் மாறி வாரம் நைட் ஷிப்ட் பார்ப்பவருக்குப் பகலில் அந்த நான்கு மணி நேரத் தூக்கமே பெரிய விஷயம். நைட் ஷிப்டில் விடியற்காலை மூன்று மணிக்கு அவருக்கு வரும் பசியைப் பார்த்து “கட்டுப்பாடு இல்லாத ஆள்” என்று எப்படிச் சொல்வது?

மதுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பைபாஸுக்குப் பிறகு மது ரத்தத்தில் வேகமாக ஏறும், முன்பைவிட உச்சத்துக்கும் போகும். அமெரிக்காவில் 2012இல் வெளியான ஆய்வில், அறுவைச் சிகிச்சைக்கு முன் 7.6 சதவீதம் பேருக்கு இருந்த மதுப் பிரச்சினை, சிகிச்சைக்குப் பின் இரண்டாம் வருடத்தில் 9.6 சதவீதமாகக் கூடியிருந்தது. சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலை இழந்தவர் வேறொன்றில் அதைத் தேடக்கூடும். “பழைய மாதிரி ஒரு கட்டிங்தானே” என்று நண்பர்கள் வற்புறுத்துவது இங்கே விளையாட்டு அல்ல.

என்ன செய்தால் அடங்கும்?

முதலில் புரதம். அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்கு நாளொன்றுக்கு 60 கிராமாவது வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அதே அளவு. 100 கிராம் ராகி மாவில் 7 கிராம்தான். ராகியில் கால்சியம் நிறைய இருக்கிறது, புரதம் அவ்வளவு இல்லை. கொள்ளிலோ 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல். ஆகவே தட்டில் வரிசையை மாற்றினால் போதும். களியை முதலில் எடுக்காமல், கொள்ளுக் கடைசலையோ, முட்டையையோ, பனிக்காலத்தில் கிடைக்கும் பிதுக்கம்பருப்பையோ, மீனையோ, கோழியையோ முதலில் சாப்பிடலாம். கடைசியில் சின்ன எலுமிச்சை அளவு இளகிய களி, அதையும் மென்று. பாட்டி பார்த்தால் திட்டுவார். திட்டட்டும்.

இரண்டாவது, நேரம். ஒரு வேளைக்கு இருபது முதல் முப்பது நிமிடம். கேன்டீனில் பதினைந்து நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு லைனுக்கு ஓடுபவருக்கு இது கஷ்டம்தான். அதனால் பாதியை டப்பாவில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சாப்பிடலாம். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். முடிந்து அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். சிலருக்கு விக்கலோ மூக்கில் நீர் வடிவதோ “போதும்” என்ற சைகையாக வரும். அதைக் கவனித்து அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாவது, வேளை. “இன்னைக்கு மதியம் சாப்பிடல, அதனால ராத்திரி கொஞ்சம் கூட” என்ற கணக்கு எப்போதும் தோற்கும். நேரம் குறித்துச் சின்னச் சின்னதாகச் சாப்பிடுபவருக்குக் கொறிப்பு குறையும். நைட் ஷிப்ட்காரர் தன் நாளை மாலையிலிருந்து கணக்குப் போட வேண்டும்.

நான்காவது, ஆசை வரும்போது ஒரு கேள்வி. “இப்போது முட்டை கொடுத்தால் சாப்பிடுவேனா?” ஆம் என்றால் பசி, சாப்பிடலாம். வேண்டாம், போண்டாதான் வேண்டும் என்றால் தலைப் பசி. பதினைந்து நிமிடம் தள்ளிப் போட்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தால் பெரும்பாலும் அலை இறங்கியிருக்கும். இறங்கவில்லை என்றால்? ஒரே ஒரு போண்டாவை உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும், மென்று சாப்பிடலாம். ஒளித்துத் தின்னும் ஐந்தைவிட வெளிப்படையாகத் தின்னும் ஒன்று நல்லது.

ஐந்தாவது, மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும். இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி குறைவது இந்தச் சிகிச்சைக்குப் பின் அடிக்கடி நடப்பது. சத்து மாத்திரை ஆயுள் முழுக்க வேண்டும். “நல்லாதானே இருக்கேன்” என்று நிறுத்தக் கூடாது. தொடர்ந்து வாந்தி இருந்தால் தயமின் குறைந்து நரம்பு பாதிக்கப்படலாம். தண்ணீர்கூட இறங்கவில்லை, கடும் வயிற்றுவலி, கறுப்பாக மலம் என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எடை திரும்ப ஏறினாலும் வழி இருக்கிறது. 2025இல் இந்தியாவுக்கு வந்த டிர்செபடைடு, வெகோவி என்ற பெயரில் வந்த செமாகுளூடைடு போன்ற ஊசிகளை மருத்துவர்கள் தேவைப்படுபவர்களுக்கு எழுதுகிறார்கள். சிலருக்கு மறு அறுவைச் சிகிச்சையும் உண்டு. இரண்டையும் தீர்மானிக்க வேண்டியது மருத்துவர். மெடிக்கல் கடைக்காரரோ இணைய வீடியோவோ அல்ல. ஆனால் மருத்துவர் தீர்மானிக்க வேண்டும் என்றால் முதலில் அவரிடம் போக வேண்டுமே! வெட்கம் தடுப்பது அந்த முதல் அடியைத்தான்.

பொறுப்பு யாருக்கு?

“எல்லாம் சொன்னது சரி. கடைசியில் கையும் வாயும் அவருடையதுதானே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தட்டில் எதை வைப்பது என்பதில் அவருக்குப் பங்கு உண்டு. இல்லை என்று சொன்னால் அது அவரை அவமதிப்பதாகும். ஆனால் இதய ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு மறுபடி நெஞ்சுவலி வந்தால் யாரும் சிரிப்பதில்லை. பரிசோதனைக்கு அழைத்துப் போகிறார்கள். உடல் பருமனும் நாள்பட்ட நோய்தான். திரும்பி வரும் பசி அந்த நோயின் அறிகுறி. சர்க்கரை ஏறினால் மருந்தைக் கூட்டுவதுபோல, பசி ஏறினால் கவனிப்பைக் கூட்ட வேண்டும்.

அந்தக் கவனிப்பு இன்று எங்கே இருக்கிறது? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வெளியிட்ட விதிப்படி, மருத்துவர் பரிந்துரைத்து, 18 வயது நிறைந்து, உடல் நிறை குறியீடு 40க்கு மேல் இருந்தால், அல்லது 35க்கு மேல் இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை, இதய நோய், கடும் தூக்க மூச்சுத்திணறல் போன்றவை இருந்து மற்ற வழிகள் பலிக்காமல் போயிருந்தால், இந்த அறுவைச் சிகிச்சையை உடல் பருமன் என்ற காரணம் சொல்லிக் காப்பீட்டிலிருந்து விலக்க முடியாது. நல்ல விதி. ஆனால் பல பாலிசிகளில் மருத்துவமனையை விட்டு வந்த பிறகான செலவுக்கு 60 நாளோ 90 நாளோதான் கணக்கு. பசி திரும்புவதோ இரண்டாம் வருடத்தில். வீட்டுக்குக் கூரை போட்டுக் கொடுத்துவிட்டு, மழைக்காலம் வருவதற்கு முன்பே கிளம்பிவிடுவது போன்ற ஏற்பாடு இது. டயட்டீஷியன், மனநல ஆலோசகர், வருடாந்தர ரத்தப் பரிசோதனை ஆகியவற்றுக்கு ஐந்து வருடமாவது சேர்த்துக் கொடுத்தால்தான் போட்ட பணத்துக்கு அர்த்தம் இருக்கும்.

அடுத்து, தூரம். பேரிகைக்காரர் ஆபரேஷனுக்கு ஓசூரைத் தாண்டி, அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூரு போவார். அல்லது சென்னை, கோவை. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம் போய்விடும். டயட்டீஷியனிடம் பதினைந்து நிமிடம் பேசுவதற்காக லீவு போட எந்த ஒப்பந்தத் தொழிலாளியால் முடியும்? அதற்கு இந்த மாவட்டத்திலேயே ஒரு விடை இருக்கிறது. வீடு தேடிப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மருந்து கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அந்தப் பட்டியலில் எடை குறைப்புச் சிகிச்சை செய்தவர்களின் பெயரையும் சேர்த்து, வருகையின்போது எடை பார்த்து, சத்து மாத்திரை இருக்கிறதா என்று கேட்டு, வாந்தி, சோர்வு, மனச்சோர்வு இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லிவிட்டால் போதும். புதிய கட்டடமும் வேண்டாம், புதிய படையும் வேண்டாம்.

“கொஞ்சம் பேருக்காக இவ்வளவா?” என்று தோன்றலாம். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இவர்கள் எல்லோருக்கும் அறுவைச் சிகிச்சை வராது. ஆனால் சிறு பகுதிக்கு வந்தாலும் எண்ணிக்கை சிறியதாக இருக்காது. ஊசி மருந்து போட்டு இளைத்து, ஊசியை நிறுத்தியதும் பசி திரும்புபவர்களுக்கும் இதே கவனிப்புதான் தேவைப்படும்.

தொழிற்சாலைகளும் பங்கெடுக்கலாம். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. அந்த கேன்டீனில் வேண்டுபவருக்குச் சின்னத் தட்டு, நைட் ஷிப்டில் பஜ்ஜிக்குப் பக்கத்தில் அவித்த முட்டையும் சுண்டலும் வைப்பதற்கு என்ன பெரிய செலவு? அது ஆபரேஷன் செய்தவருக்கு மட்டுமல்ல, சர்க்கரை உள்ளவருக்கும் நாளை சர்க்கரை வரப்போகிறவருக்கும் உதவும்.

மருத்துவமனைகள் ஒரு விஷயத்தில் நேர்மையாக இருக்க வேண்டும். விளம்பரத்தில் ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படம் போடுகிறார்கள். மூன்றாவதாக, ஐந்து வருடம் கழித்து எடுத்த படத்தையும் போட வேண்டும். கையெழுத்து வாங்குவதற்கு முன்பே “இரண்டாம் வருடம் பசி திரும்பும், கொஞ்சம் எடை ஏறும், அப்போது வெட்கப்படாமல் இங்கே வா” என்று நோயாளியின் மொழியில் சொல்லிவிட்டால், அந்த நாள் வரும்போது அவர் ஒளிந்துகொள்ள மாட்டார்.

வீட்டுக்கும் வேலை இருக்கிறது. அவர் தட்டை எண்ணுவதை நிறுத்திவிட்டு, வீட்டில் எல்லோரும் முதலில் பருப்பையும் கீரையையும் எடுக்கும் பழக்கத்துக்கு மாறலாம். சீமந்தத்திலோ காதுகுத்திலோ இலையில் கொஞ்சம் வைத்துவிட்டு அவர் எழுந்தால், “என்ன, எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா?” என்று கேட்காமல் இருப்பது பெரிய உதவி. மனது தாங்கவில்லை, ராத்திரியில் தனியாகத் தின்று அழுகிறார் என்றால், 24 மணி நேரமும் இயங்கும் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

மறுபடி அந்த டீக்கடை. பக்கத்தில் நிற்பவர் வேறு ஒரு கேள்வியையும் கேட்டிருக்கலாம். “அண்ணா, இப்பல்லாம் பசி அதிகமாயிருக்கா? டாக்டரைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு? ஞாயித்துக்கிழமை நானும் கூட வரேன், போயிட்டு வந்துடலாம்.”

அப்படிக் கேட்டிருந்தால் இரண்டாவது போண்டா சட்டைப்பைக்குள் போயிருக்காது.